கீரைப் புத்தகத்துக்கு ஒரு லத்தீன் வரி

லாரன்ஸ் பிங்கம் எழுதியது கீரையைப் பற்றி. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லண்டனில் இன்றைக்கு இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. எந்த மாதத்தில் எந்தக் கீரை தின்றால் வயிறு இளகும், வெள்ளரிக்காய் யாருக்கு ஆகாது, முள்ளங்கியை இறைச்சிக்கு முன்னால் தின்பதா பின்னால் தின்பதா என்று ஆயிரத்து நானூறு வரி, அத்தனையும் செய்யுள். நான்தான் மெய்ப்புத் திருத்தினேன். திருத்தி முடித்த அன்று எனக்கே வயிறு சரியில்லை.

என் பெயர் ஜெரோம் பாஸ்க். ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு வருஷம் படித்தேன், அப்பா செத்துப்போனதும் படிப்பும் போயிற்று. செயிண்ட் பால் ஆலயத்துக்குப் பின்னால் ஸ்கெல்டிங் என்கிறவனுடைய அச்சுக்கூடத்தில் பிழை பார்க்கிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதைக் காட்டுகிற தைரியம் மட்டும் வராது. அதனால்தான் பெயர் போடாமல் எழுதினேன்.

எதை எழுதினேன் என்று கேட்பீர்கள். மூன்று வருஷம் மழை கெடுத்து, கோதுமை விலை ஏறி, தெருவில் ஜனங்கள் சுருண்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது. அப்போது ஹாவர்டன் பிரபு மட்டும் வண்டி வண்டியாகக் கோதுமையை ஊறவைத்துக் கஞ்சிப் பசை காய்ச்சினார். பெரிய மனிதர்களின் கழுத்துப்பட்டி விறைப்பாக நிற்க வேண்டுமே, அதற்கு. நாடு முழுக்கக் கஞ்சிப் பசை விற்கிற உரிமை அவர் ஒருவருக்குத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு வேளையில் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒன்பது அங்கதப் பாட்டு எழுதினேன், எல்லாம் அந்தக் கஞ்சிப் பிரபுவின் மேல். கையெழுத்தை மாற்றி எழுதி, யாரோ ஒரு கனவான் விட்டுவிட்டுப் போன மாதிரி ஸ்கெல்டிங்கின் மேஜையில் வைத்தேன். அவன் படித்தான், சிரித்தான், அச்சுக்குக் கொடுத்தான். என் புத்தகத்துக்கு நானே கூலி வாங்கிக்கொண்டு மெய்ப்புத் திருத்தினேன்.

முகப்புத் தாளில் ஒரு லத்தீன் வரி இல்லாமல் எங்கள் ஊரில் புத்தகம் வராது. பெயர் போட்டு எழுதுகிறவனுக்கு அது அலங்காரம். பெயர் போடாதவனுக்கு அதுதான் பெயர். அடுத்த புத்தகத்திலும் அதே வரி வந்தால் அதே ஆள் என்று ஊர் தெரிந்துகொள்ளும். நான் போட்ட வரி, ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன் செத்துப்போன ரோமாபுரி அங்கதக்காரன் ஒருவனுடையது. தமாஷாகத்தான் இருக்கும்: பெயரைக் கேட்காதே, பல்லைப் பார். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் நோட்டில் எழுதிவைத்துக்கொள்கிற வரிதான். ஆனால் என் புத்தகம் வந்த ஒரு மாதத்துக்குள் ஊர் முழுக்க அதை எழுதினவனுக்குப் பல்லுக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மதுக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே பல்லுக்காரரின் புகழ் பாடினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு குடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

பிறகு பிஷப்புகளிடமிருந்து உத்தரவு வந்தது, எங்கள் ஊரில் புத்தகத் தணிக்கை அவர்கள் கையில்தான். அங்கதப் பாட்டு இனி அச்சிடக் கூடாது, அச்சிட்டதை எரிக்க வேண்டும். என் புத்தகமும் நெருப்பில் போயிற்று. பல்லுக்காரர் யார் என்று பிரபுவின் ஆட்கள் தேட ஆரம்பித்தார்கள்.

இந்த நேரத்தில்தான் கீரைப் புத்தகம் ஸ்கெல்டிங்கின் அச்சுக்கூடத்தில் கட்டுக் கட்டாகத் தூசி தின்றுகொண்டிருந்தது. பதினொரு பிரதி விற்றிருந்தது, அதில் நான்கு பிங்கமே வாங்கியது. விற்காத புத்தகத்துக்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. முகப்புத் தாளை மட்டும் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டிப் புதுப் புத்தகம் என்று விற்பது. அந்த முகப்புத் தாளையே நூறு கூடுதலாக அச்சடித்து ஊரில் உள்ள கம்பங்களில் எல்லாம் அறைந்துவிடுவார்கள், விளம்பரத்துக்கு. ஸ்கெல்டிங் புதுத் தாளுக்கு ஏற்பாடு செய்தான். என் புத்தகத்தின் லத்தீன் வரி, கோத்த ஈய எழுத்து கலையாமல் நூல் கட்டி அலமாரியில் அப்படியே இருந்தது. அதை எடுத்துக் கீரைக்கு மேல் வைத்துவிட்டான்.

அவனுக்குத் தெரியாமல் இல்லை. புத்தகத்துக்குத்தான் தடை, வரிக்குத் தடை இல்லையே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுகிற வரிதானே என்று அவனாகவே சொல்லிக்கொண்டான். ஜனங்கள் பல்லுக்காரரின் புதுப் புத்தகம் என்று நினைத்தால் அது ஜனங்கள் பாடாம். கீழே பிங்கமின் பெயர் முழுசாக இருந்தது, எந்தத் தெருப் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பயிற்சி வாத்தியார் என்பதும் இருந்தது. பிங்கமிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மெய்ப்பு என்னிடம் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஒரு அப்பாவி மனிதனுடைய பெயருக்கு மேல் தேடப்படுகிறவனுடைய அடையாளம் உட்கார்ந்திருக்கிறதே என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் வரி மறுபடி வந்துவிட்டது, எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுதான் தோன்றியது. ஒரு காற்புள்ளி சற்றுத் தள்ளிப் போயிருந்தது. அதைச் சரிசெய்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஐந்து நாளில் அத்தனை பிரதியும் விற்றுப்போயிற்று. சட்டம் படிக்கிற பணக்காரப் பிள்ளைகள் வெள்ளரிக்காய் என்றால் எந்த மந்திரி, முள்ளங்கி என்றால் எந்தப் பிஷப் என்று ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆறாம் நாள் பள்ளிக்கூடத்துக்குக் காவலர்கள் வந்து, பிள்ளைகளுக்கு முன்னாலேயே பிங்கமை இழுத்துக்கொண்டு போனார்கள். விசாரித்தபோது ஸ்கெல்டிங் கூசாமல் சொன்னான், எழுதியவர் கொடுத்ததைத்தான் நான் அச்சடித்தேன் என்று. கனவான் விட்டுப்போனதாக அவன் நினைத்திருந்த அந்தப் பாட்டுகளின் கையெழுத்துப் பிரதியையும் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் பிங்கமின் மனைவி ஜோன் என்னைத் தேடி வந்தாள். மாவு படிந்த கையோடு ஓடி வந்திருந்தாள். எனக்கு லத்தீன் தெரியும் என்பதால், அந்த வரி அவர் போட்டதில்லை என்று மேலிடத்துக்கு ஒரு மனு எழுதித் தர வேண்டும் என்றாள். அவருக்கு அதற்கு அர்த்தம்கூடச் சரியாகத் தெரியாது என்றாள்.

"ஜெரோம் அண்ணே, அவர் எழுதிக் காட்டுனாத்தான் பிள்ளைங்க எழுதும். அந்தக் கைதான் எங்க வீட்டு அடுப்பு. கையை எடுத்துடுவாங்கன்னு தெருவுல பேசிக்கறாங்க. நீங்க படிச்சவங்க, ஏதாவது பண்ணுங்க."

மனு எழுதிக் கொடுத்தேன். நல்ல மனுதான். நான் யார் என்பதை மட்டும் அதில் எழுதவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அன்று மத்தியானமே சிறைக்குப் போனேன். இருட்டறையில் சங்கிலியோடு கிடப்பார் என்று நினைத்துக்கொண்டு போனால், மனுஷன் மேல்மாடியில், ஜன்னல் வைத்த அறையில், நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த சேவல் தின்றுகொண்டிருந்தார். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் சேவலும் ஒயினும் நல்ல கோட்டு ஒன்றும் அனுப்பியிருந்தார்கள். அவருடைய நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக அந்த முகத்தில் ரத்தம் ஓடிப் பார்த்தேன். உட்கார், தின்னு என்று உபசாரம் வேறு.

நான் உட்காரவில்லை. "வாத்தியாரே, அந்தக் கஞ்சிப் பாட்டெல்லாம் நான் எழுதினது. அந்த வரியும் என்னோடது. மெய்ப்புல பார்த்தேன், பார்த்துட்டு விட்டுட்டேன். நான் போய்ச் சொல்லிடறேன்."

அவர் எலும்பைத் தட்டில் வைத்தார். ஆச்சரியப்படவில்லை.

"நீயா இருக்கும்னு ஒருநாள் நினைச்சேன் ஜெரோம். மூணாவது பாட்டுல ஒரு கோபம் வந்துட்டுப் பாதியில ஒளிஞ்சுக்கும் பாரு, அது உன்ன மாதிரியே இருந்துச்சு." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "ஆனா நீ போய்ச் சொல்லாத. நான் நேத்தே ஒத்துக்கிட்டேன்."

ஏன்யா, பைத்தியமா உனக்கு என்று கத்தினேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"முதல்ல நான் இல்லேன்னுதான் சொன்னேன். விசாரிச்ச பாதிரியார் கீரைப் புத்தகத்தைப் பிரிச்சு ஒரு பக்கம் படிச்சாரு. படிச்சுட்டு, இதையா நீ உக்காந்து எழுதினேன்னு கேட்டாரு. திட்டலை, சும்மாதான் கேட்டாரு. அப்புறம் உன்னோடதை எடுத்துப் படிச்சாரு. சிரிப்பு வந்துடுச்சு ஜெரோம் அவருக்கு. தடை போட்ட ஆளு, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறாரு. சிரிச்சுட்டு என்னைப் பார்த்து, இதை எழுதினது நீ இல்லையான்னாரு. முப்பது வருஷமா எழுதறேன். ஒருத்தர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்ல. நான்தான்னு வாயில வந்துடுச்சு."

கை போய்விடும் என்றேன். போகாது என்றார். அபராதம் போடுவார்கள், மிஞ்சினால் காதை அறுப்பார்கள், அதைத் தலைமுடி மறைத்துக்கொள்ளும் என்றார். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு அவருக்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேருக்கு மாமன் சித்தப்பன் எல்லாம் அரண்மனையில்தான் என்றார். பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, இதை என்கிட்டேர்ந்து புடுங்கிடாத என்று கெஞ்சினார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். படி இறங்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவரே வேண்டாம் என்கிறாரே, நான் என்ன செய்ய முடியும்? அதைவிடக் கேவலம், பொறாமையாகவும் இருந்தது. என் பாட்டுக்கு வந்த சேவலை இன்னொருத்தர் தின்கிறாரே என்று வயிறு எரிந்தது. இப்படி ஒரு ஜென்மம் நான். இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து யாருடைய பிழையையோ திருத்திக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது. வலது கை. வெள்ளிக்கிழமை காலை, சந்தைத் திடலில்.

திருத்திக்கொண்டிருந்த தாளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். விசாரித்த பாதிரியாரின் பெயர் ஆட்வெல். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்துக்கொண்டு காகிதக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார், ரொம்பக் களைத்த மனிதர். பல்லுக்காரர் நான்தான் என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ ஏழாவது ஆள். உனக்கு முன்னாடி வந்த ஆறு பேரும் சட்டம் படிக்கற பசங்க. அவங்களாவது நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்தாங்க."

விளையாட்டாம் அது. பந்தயம் கட்டிக்கொண்டு ஒவ்வொருத்தனாக வந்து நான்தான் நான்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒன்பது பாட்டையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். நான்காவது வரியில் அவர் ரொட்டியைக் கடித்துக்கொண்டே ஐந்தாவது வரியைச் சொன்னார், ஆறாவதையும் சொன்னார். ஊரில் யாருக்குத்தான் அது மனப்பாடம் இல்லை?

கையெழுத்தைப் பாருங்கள் என்றேன். அவர் பெட்டியிலிருந்து ஸ்கெல்டிங் கொடுத்த பிரதியை எடுத்து வைத்து, எழுது என்று பேனாவைக் கொடுத்தார். இரண்டு வருஷத்துக்கு முன் நான் மாற்றி எழுதிய எழுத்து அது. எப்படி மாற்றினேன் என்று நினைவில்லை. நான் எழுதினது அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரிகூட இல்லை. ஆட்வெல் இன்னொரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிங்கம் எழுதிக் காட்டியது. எழுத்துக்கு எழுத்து, சுழிக்குச் சுழி, அசல் அதேதான்.

"அவரு எழுத்து வாத்தியாருங்க" என்றேன். "எந்தக் கையெழுத்தைக் காட்டினாலும் அப்படியே எழுதுவாரு. அதுதாங்க அவரு தொழிலே."

அவர் பேனாவை என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். நம்பிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

"சரி, நீ சொல்றது நிஜம்னே வச்சுக்குவோம்" என்றார். "ஒத்துக்கிட்ட ஆளு ஒருத்தன் இருக்கான், தீர்ப்பு எழுதியாச்சு, வெள்ளிக்கிழமைன்னு பிரபுகிட்டச் சொல்லியாச்சு. இப்ப நான் போய்த் தப்பான ஆளைப் பிடிச்சுட்டோம்னு சொன்னா அவனை விடமாட்டாங்க, பொய் சொன்னான்னு அவனுக்கும் வெட்டுவாங்க, உனக்கும் வெட்டுவாங்க. ஒரு கையோட போறது ரெண்டா ஆகணுமா? வீட்டுக்குப் போ."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, பிறந்ததிலிருந்து அடக்கிவைத்திருந்ததை எல்லாம் கத்தினேன். கஞ்சிப் பிரபுவைத் திட்டினேன், ஆட்வெலைத் திட்டினேன், அவருடைய பாலாடைக்கட்டியைக்கூடத் திட்டினேன். இரண்டு காவலாளிகள் வந்து என்னைப் படிக்கட்டில் உருட்டிவிட்டார்கள். முழங்கால் கிழிந்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை காலை திடலில் கால் வைக்க இடமில்லை. வேர்க்கிழங்கு வண்டிகளை ஓரம் கட்டிவிட்டு நடுவில் மேடை போட்டிருந்தார்கள். சட்டம் படிக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம் முழுக்கத் தொப்பியும் இறகுமாக நின்றார்கள். ஜோன் மேடைக்கு அடியில் ஒரு பழைய துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன். மன்னிப்பு வந்துடுமா அண்ணே என்று கேட்டாள். வரும் என்றேன். வேறு என்ன சொல்ல?

பிங்கம் அந்த இரவல் கோட்டோடு மேடை ஏறினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. என்னைப் பார்த்ததும், கல்யாண வீட்டில் வந்தவர்களைப் பார்த்துத் தலையாட்டுகிற மாதிரி ஒரு தலையாட்டு. ஏதோ பேசத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார் போலிருக்கிறது, ஒரு காகிதத்தை எடுத்தார். அதிகாரி அதை வாங்கி மடித்துவிட்டார். கோட்டைக் கழற்றச் சொன்னார்கள். அப்போது அவர் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் நின்ற பக்கம் பார்த்தார், பிறகு தெருமுனையைப் பார்த்தார், குதிரையில் யாராவது காகிதம் கொண்டு வருகிறார்களா என்று. யாரும் வரவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி மணிக்கட்டைக் கட்டையில் வைத்துக் கட்டினார்கள்.

முதல் வெட்டில் கை துண்டாகவில்லை. பிங்கம் அலறினார்.

"நான் இல்ல. நான் எழுதல. நான் கீரைதான் எழுதினேன். சத்தியமா கீரை மட்டுந்தான் எழுதினேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், அத்தனை ஜனமும் சிரித்தது. வலியிலும் எப்படி நக்கல் அடிக்கறாரு பார்த்தியா, பல்லுக்காரர்னா சும்மாவா என்று எனக்குப் பின்னால் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். மேடையில் அந்த மனிதர் சத்தியமா சத்தியமா என்று அலறிக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு தடவைக்கும் கைதட்டினார்கள்.

நான் ஒரு கிழங்கு வண்டியின் மேல் ஏறினேன். "அவர் சொல்றது நிஜம். நான்தான் எழுதினேன். ஜெரோம் பாஸ்க். நான்தான்" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"இல்ல, நான்தான்" என்று தொப்பிக்காரப் பிள்ளை ஒருவன் குதித்தான். "நான்தான்" என்று இன்னொருவன். அப்புறம் திடலே கத்த ஆரம்பித்தது. கசாப்புக்காரன், கிழங்கு விற்கிறவள், காவலாளிகளில்கூட ஒருவன், எல்லாரும் நான்தான் நான்தான் என்று தொப்பியை வீசினார்கள். எல்லாம் பிங்கமின் மேல் வைத்த அன்பில்தான். அந்தச் சத்தத்தில் இரண்டாவது வெட்டு விழுந்ததும் மூன்றாவது விழுந்ததும் எனக்குக் கேட்கவேயில்லை.

வண்டியிலிருந்து இறங்கினேன். ஜோன் ஒருத்திதான் கத்தாமல் நின்றிருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையசைத்தேன். அறைவாள் என்று நினைத்தேன், அறைந்திருந்தால் தேவலை.

"அவரால நடக்க முடியாது. வந்து ஒரு பக்கம் பிடிங்க" என்றாள்.

இரண்டு பேரும் மேடைக்கு ஏறினோம். அவள் வலது பக்கம் போய்த் துணியைச் சுற்றினாள். நான் இடது தோளைத் தாங்கிக்கொண்டேன்.